தீவிர நோயாளிகளைப் பார்க்கும் வார்டில் பணிச்சோர்வு: எதில் முதலில் கை வைப்பது?

ஐசியுவிலோ நோய்த்தணிப்பு வார்டிலோ அடுத்தடுத்து இரண்டு மூன்று பேர் வேலையை விட்டுப் போன பிறகுதான் "ஸ்டாஃபுக்கு ஏதாவது செய்யணும்" என்ற பேச்சு எழும். அப்போது மேசைக்கு வரும் யோசனைகளும் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு நாள் மன அழுத்தப் பயிலரங்கு, தியானப் பயிற்சி, கவுன்சலர், மரணத்துக்குப் பின் கூடிப் பேசுவது, மாதாந்திரக் குழுக் கூட்டம், டியூட்டி லிஸ்ட்டை மாற்றுவது, ஆள் கூட்டுவது. எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய எந்த வார்டுக்கும் ஆளும் பணமும் இருக்காது. எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது, எதைத் தொடவே கூடாது என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

அப்படிப் பிரிக்க ஒரே ஒரு கேள்வி பெரும்பாலும் போதும். இதற்கான நேரம் யார் கணக்கில் கழிகிறது? டியூட்டி நேரத்திலா, நர்ஸின் தூக்கத்திலும் வீட்டு நேரத்திலுமா? இரண்டாவது என்றால், அந்தத் திட்டம் எவ்வளவு நல்லதானாலும், களைத்தவர் தலையில் இன்னொரு வேலையாகத்தான் போய் உட்காரும்.

முதலில் சொல்லைச் சரியாகப் பிடிப்போம். பர்ன்அவுட்டைத் தமிழில் பலரும் 'மனச்சோர்வு' என்று எழுதிவிடுகிறார்கள். அது டிப்ரெஷனுக்கு நிலைத்துவிட்ட சொல். இரண்டையும் கலந்தால் சிகிச்சையும் கலங்கிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியல் பர்ன்அவுட்டை நோயாகச் சேர்க்கவில்லை. வேலையிடத்தில் நீண்ட காலம் தீராமல் நிற்கும் அழுத்தத்தின் விளைவு என்றே சொல்கிறது. மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, செய்த வேலைக்குப் பலனில்லை என்ற எண்ணம். படுக்கையில் இருப்பவரைப் பெயர் சொல்லாமல் "ஆறாம் பெட்", "அந்த லிவர் கேஸ்" என்று மட்டுமே பேசத் தொடங்குவது இரண்டாவது அடையாளத்தின் முதல் சாயல். இங்கே இதைப் பணிச்சோர்வு என்றே குறிப்பிடுவோம்.

இதோடு ஒட்டி வருகிற, ஆனால் வேறான ஒன்று அறநெறித் தவிப்பு. "இந்த சிகிச்சையால் அவருக்கு வேதனை மட்டும்தான் மிச்சம்" என்று தெரிந்தும் கை அதைச் செய்துகொண்டே இருக்கும் நிலை. ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவ ஆசிரியர் 1984இல் நர்ஸ்களின் வேலையைப் பற்றி எழுதும்போது இதற்குப் பெயர் கொடுத்தார். இதற்கு லீவும் மருந்தாகாது, தியானமும் மருந்தாகாது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

டியூட்டி லிஸ்ட்டும் ஆள் கணக்கும்

செலவு அதிகம், பேசப் பிடிக்காத விஷயம், பலன் உறுதியானது. லிண்டா எய்க்கனும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட பென்சில்வேனியா ஆய்வில், ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் பணிச்சோர்வுக்கான வாய்ப்பு விகிதம் 23 சதவீதம் உயர்ந்தது. அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு விகிதமும் 7 சதவீதம் கூடியது. ஸ்டாஃபின் களைப்பும் நோயாளியின் உயிரும் ஒரே கணக்கில் வருகின்றன என்று நிர்வாகத்திடம் சொல்ல இதைவிட எளிய எண் கிடையாது.

ஆனால் "ஆள் பற்றாக்குறை" என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் கோப்பு நகராது. கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். எட்டு படுக்கை ஐசியு, இரண்டு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஷிஃப்டுக்கு நான்கு பேர், நோயாளி ஒதுக்கப்படாத ஷிஃப்ட் இன்சார்ஜ் ஒருவர், ஆக ஐந்து இடம். ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட் என்றால் ஓர் இடத்துக்கு ஆண்டுக்கு 1,095 ஷிஃப்ட், ஐந்து இடத்துக்கு 5,475. இனி ஆள் பக்கம். வாரம் ஒரு ஆஃப் என்றால் 52 நாள், விடுப்பு 30, உடல்நலக் குறைவு 10, பயிற்சி 5 என்று கழித்தால் ஒருவர் வேலைக்கு வருவது 268 நாள். 5,475ஐ 268ஆல் வகுத்தால் 20.4, அதாவது 21 பேர் வேண்டும். பட்டியலில் 16 பேர்தான் இருக்கிறார்கள் என்றால் அவர்களால் நிரப்ப முடிவது 4,288 ஷிஃப்ட். 1,187 குறைகிறது. தினமும் மூன்றுக்கு மேல்! அந்த மூன்று ஷிஃப்டும் டபுள் டியூட்டியில் நிரம்புகிறது, இல்லாவிட்டால் ஆளில்லாமல் ஓடுகிறது. வாரத்துக்கு இரண்டு ஆஃப் உள்ள இடத்தில் வேலை நாள் 216ஆகச் சுருங்கும், தேவை 26 பேராகும்.

பலரும் தவறுவது இங்கேதான். ஐந்து இடம், மூன்று ஷிஃப்ட், ஆக 15 பேர் போதும் என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஆஃபும் லீவும் காய்ச்சலும் அந்தக் கணக்கில் இல்லை.

ஆள் உடனே கிடைக்காவிட்டாலும் லிஸ்ட்டை மாற்றுவதற்குக் காசு வேண்டாம். கீழே உள்ளவை பெரிய எதிர்ப்பில்லாமல் நடக்கும்:

- மார்னிங், ஈவினிங், நைட் என்று முன்னோக்கியே சுழற்றுவது. ஈவினிங் முடித்து இரவு 9 மணிக்கு இறங்குபவரைக் காலை 7 மணிக்குத் திரும்ப வரச் சொன்னால் நடுவே 10 மணி நேரம். பயணம், குளியல், சாப்பாடு போக ஆறு மணி நேரத் தூக்கம்கூடத் தேறாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை நேர விதி இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே குறைந்தது 11 மணி நேரம் கேட்கிறது.
- தொடர் நைட் மூன்றுக்கு மேல் போகாமல் பார்ப்பது. நைட் முடித்துக் காலையில் இறங்கும் நாளையே 'ஆஃப்' என்று எழுதும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அது தூங்கித் தீர்க்கும் நாள். ஆஃப் அதற்கு மறுநாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.
- நான்கு வாரம் முன்பே லிஸ்ட் ஒட்டுவது. ஞாயிறு ஆஃப் என்று சனிக்கிழமை இரவு தெரிந்தால் அந்த ஆஃபில் எதையும் திட்டமிட முடியாது.
- இடைவேளைக்குப் பெயர் போட்டு ரிலீவர் எழுதுவது. "டைம் கிடைச்சா சாப்பிட்டு வாங்க சிஸ்டர்" என்பது யாரையும் படுக்கையை விட்டு நகரவிடாது. "1:15 முதல் 1:45 வரை உங்க ரெண்டு பெட்டையும் ஷிஃப்ட் இன்சார்ஜ் பார்ப்பாங்க" என்று எழுதியிருந்தால்தான் நகர்வார்.
- ஒரு மரணத்தைப் பார்த்தவருக்கு அந்த ஷிஃப்டில் அடுத்த அட்மிஷனை ஒதுக்காதது. படுக்கை காலியான கையோடு எமர்ஜென்சியிலிருந்து போன் வரும். யாருக்குப் படுக்கை காலியோ அவருக்கே புது நோயாளி என்பதுதான் வழக்கமான கணக்கு. அதை மட்டும் உடைத்தால் போதும்.

டாக்டர்களுக்கும் இதே கதைதான். ஐசியு டாக்டர் 14 நாள் தொடர்ந்து பார்ப்பது ஒரு முறை, வார இறுதியில் வேறொருவர் வந்து விடுவிப்பது இன்னொரு முறை. ஐந்து ஐசியுக்களில் 45 டாக்டர்களைக் கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2011இல் வந்தது. வார இறுதியில் விடுவிக்கப்பட்டவர்களுக்குப் பணிச்சோர்வு குறைவாக இருந்தது. நோயாளிகளின் இறப்பிலோ தங்கும் நாளிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. "நான் இல்லாவிட்டால் என் நோயாளிக்கு ஆகாது" என்று நினைக்கும் சீனியர்களிடம் காட்ட வேண்டிய முடிவு இது.

12 மணி நேர ஷிஃப்டா, 8 மணி நேரமா என்ற வாதத்தில் ஸ்டாஃப் பலர் 12ஐக் கேட்பார்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் வந்தால் போதும், பயணமும் மிச்சம். ஆனால் ஐரோப்பிய நர்ஸ்களிடம் நடந்த பெரிய கணக்கெடுப்பில் 12 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை பார்த்தவர்களிடம்தான் பணிச்சோர்வு அதிகம் காணப்பட்டது. கொடுப்பதானால் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும், தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் இல்லாமல் கொடுக்கலாம். 12 மணி நேரம் முடித்தவரை "ஒரு நாலு மணி நேரம் கூட இருந்துட்டுப் போங்க" என்று நிறுத்தும் வார்டில் இந்த முறையைத் தொடவே வேண்டாம்.

தியானமும் பயிலரங்கும்

நிர்வாகத்துக்கு மிகவும் பிடித்த வழி. பேனர் கட்டலாம், படம் எடுக்கலாம். ஒரு நாள் பயிலரங்கு என்பது கடலில் கரைத்த பெருங்காயம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எட்டு வார முறையான மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ் தியானம்) வேறு தரம். அழுத்தத்தைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. ஆனால் அதன் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். வாரம் இரண்டரை மணி நேர வகுப்பு எட்டு வாரத்துக்கு 20 மணி நேரம். வீட்டில் தினம் 45 நிமிடம், வாரம் ஆறு நாள் என்றால் 36 மணி நேரம். நடுவில் ஒரு முழுநாள் அமர்வு. அறுபது மணி நேரத்தைத் தாண்டுகிறது. வாரம் இரண்டு டபுள் டியூட்டி பார்ப்பவர் இதை எங்கிருந்து எடுப்பார்? தூக்கத்திலிருந்துதான்.

டாக்டர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வந்த ஒரு திறனாய்வில், தலையீடுகளுக்குப் பின் பணிச்சோர்வு 54 சதவீதத்திலிருந்து 44 ஆகக் குறைந்தது. தனிநபர் பயிற்சி, அமைப்பு மாற்றம் இரண்டுமே பயன் தந்தன. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பாய்வில் அமைப்பு மாற்றங்களின் பலன் பெரிதாகத் தெரிந்தது. ஆக, தியானத்தை ஒதுக்கத் தேவையில்லை. விரும்புகிறவருக்கு டியூட்டி நேரத்தில் கொடுக்கலாம். கட்டாயமாக்கினால் "உன் மனசு பலவீனம், அதான் தாங்க முடியல" என்று சொன்னதாகவே கேட்கும்.

பயிற்சிகளில் ஒன்று மட்டும் தனித்து நிற்கிறது: வேலைத் திறனையே கூட்டும் பயிற்சி. பிரான்சில் எட்டு ஐசியுக்களின் 198 நர்ஸ்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஐந்து நாள் சிமுலேஷன் பயிற்சி (நிஜ நிலைமையைப் போலவே அமைத்துச் செய்து பழகுவது) கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பயிற்சி பெற்றவர்களில் 13 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 67 சதவீதம் பேருக்கும் கடும் வேலை நெருக்கடி இருந்தது (2018). அளந்தது பணிச்சோர்வை அல்ல, வேலை நெருக்கடியைத்தான். இருந்தாலும் புது நர்ஸ்கள் அதிகம் உள்ள வார்டில் முதல் ரூபாய் இதற்குப் போகலாம். அலாரம் அடிக்கும்போது என்ன செய்வதென்று கைக்குத் தெரிந்தவருக்குப் பாதிப் பயம் அப்போதே விலகும்.

மரணத்துக்குப் பின்: ஒரு நிமிட நிறுத்தமா, பத்து நிமிடப் பேச்சா, முறையான டீப்ரீஃபிங்கா

மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். மூன்றும் வேறு.

ஒரு நிமிட நிறுத்தம்தான் மலிவானது. இறப்பை அறிவித்ததும், குழாய்களை எடுப்பதற்கு முன், யாராவது ஒருவர் சொல்கிறார்: "எல்லாரும் ஒரு நிமிஷம் நில்லுங்க. இவங்க ஒரு குடும்பத்துக்குச் சொந்தமானவங்க. நாம நம்மாலானதைச் செஞ்சோம். கொஞ்ச நேரம் அமைதியா இருப்போம்." முப்பது நொடியிலிருந்து ஒரு நிமிடம் வரை மௌனம். பிறகு வேலை. அமெரிக்காவில் ஜானதன் பார்ட்டல்ஸ் என்ற நர்ஸ் தொடங்கிப் பரவிய வழக்கம் இது. பிரார்த்தனையாக மாற்றக் கூடாது, மௌனம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். டாக்டர்தான் தொடங்க வேண்டும் என்று விதி வைத்தால் பாதி நாள் நடக்காது. அறையில் உள்ள யாரும் சொல்லலாம் என்று முன்பே பேசி வைக்க வேண்டும்.

பத்து நிமிடப் பேச்சு அதே ஷிஃப்டுக்குள், குடும்பத்தார் காதில் விழாத இடத்தில், நின்றபடியே நடக்கலாம். மூன்றே கேள்வி. என்ன நடந்தது, இரண்டு வரியில்? எது நன்றாக வந்தது? இப்போது யாருக்கு என்ன வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு "அஞ்சு நிமிஷம் வெளிய போயிட்டு வரேன்", "அவங்க அம்மாகிட்ட நான் பேச முடியாது, வேற யாராவது போங்க" என்ற மாதிரி பதில்கள் வரும். அதை அந்த இடத்திலேயே செய்து கொடுக்க முடிந்தால் கூட்டம் வெற்றி. "அட்ரினலின் ஏன் லேட்டாச்சு?" என்று யாரோ கேட்ட கணத்தில் அது விசாரணையாகிவிடும், அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள். பிழை பற்றிய பேச்சுக்குத் தனி நாள், தனிக் கூட்டம் வையுங்கள். ஒவ்வொரு மரணத்துக்கும் இதைச் செய்ய முடியாது. குழந்தை, இளம் வயதினர், திடீரென சிபிஆர் (நின்ற இதயத்தை மீண்டும் இயக்கும் முயற்சி) கொடுத்தது, இரண்டு வாரத்துக்கு மேல் வார்டில் இருந்தவர், யாராவது ஒருவர் கேட்பது என்று ஐந்து காரணங்களை எழுதிச் சுவரில் ஒட்டினால் போதும்.

மூன்றாவது, சம்பவம் நடந்த ஓரிரு நாளில் எல்லோரையும் உட்கார வைத்து, பார்த்ததையும் உணர்ந்ததையும் ஒன்றுவிடாமல் சொல்லச் செய்யும் முறையான ஒற்றை அமர்வு. இதைத் தவிர்த்துவிடலாம். ஒற்றை அமர்வு டீப்ரீஃபிங் பிற்கால மன அதிர்ச்சி நோயைத் தடுப்பதற்கு ஆதாரமில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் திறனாய்வு சொல்கிறது. அதில் சேர்ந்த சில ஆய்வுகளில் நிலைமை மோசமாகக்கூட ஆயிற்று. பேச மனமில்லாதவரைப் பேச வைப்பதுதான் சிக்கல்.

குழுக் கூட்டங்கள்

ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ் மருத்துவமனை முழுக்கவுமானது. நுரையீரல் புற்றுநோயால் இறந்த கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞரின் பெயரால் 1990களில் பாஸ்டனில் தொடங்கியது. மாதம் ஒரு மணி நேரம். மூன்று நான்கு பேர் ஆளுக்கு ஐந்து நிமிடம், ஒரு நோயாளியைப் பார்த்தபோது தங்களுக்கு என்ன நேர்ந்தது என்று பேசுவார்கள். பிறகு அரங்கம் பேசும். தீர்வு சொல்லக் கூடாது என்பதே முக்கிய விதி. டாக்டரும் துப்புரவுப் பணியாளரும் ஒரே மேடையில் பேசுவது இதன் அழகு. குறை என்னவென்றால், படுக்கையருகே நிற்கும் நர்ஸால் பகல் ஒரு மணிக்கு அரங்கத்துக்கு வர முடியாது. நாற்காலிகளை நிரப்புவது பெரும்பாலும் அலுவலகத்தார்.

பாலிண்ட் குழு சிறியது. எட்டுப் பத்துப் பேர், ஒன்றரை மணி நேரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஒருவர் கேஸ் ஷீட் இல்லாமல் நினைவிலிருந்து ஒரு நோயாளியைச் சொல்வார். பிறகு அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள, மற்றவர்கள் அந்த நோயாளிக்கும் அவருக்கும் நடுவே என்ன ஓடுகிறது என்று பேசுவார்கள். பயிற்சி பெற்ற நடத்துநர் இல்லாவிட்டால் இரண்டாம் வாரமே "பொட்டாசியம் எவ்வளவு?" என்று கேஸ் டிஸ்கஷனாகிவிடும். லீவு எழுதிக் கொடுக்கும் அதிகாரம் உள்ளவர் குழுவில் உட்கார்ந்தாலும் முடிந்தது.

இரண்டில் ஒன்றென்றால் சிறு குழுவே மேல். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் டாக்டர்களுக்கு ஒன்பது மாதத்தில் 19 அமர்வுகள், இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று நடத்தியதில் நோயாளியை மனிதராகப் பார்க்காமல் விலகும் போக்கு குறைந்தது, ஓராண்டு கழித்தும் அது நின்றது. அந்த ஒரு மணி நேரத்தை நிறுவனம் சம்பள நேரமாகவே கொடுத்தது என்பதைத் திட்டத்தை நகலெடுப்பவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

கவுன்சலரா, சக ஊழியரா

கவுன்சலரை நியமித்தால் மட்டும் போதாது. அவர் அறை மனிதவளத் துறைக்குப் பக்கத்தில் இருந்தால் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். கட்டடத்துக்கு வெளியே இருப்பது, நைட் முடித்தவர் காலையில் பேசக்கூடிய நேரம், மேலதிகாரி கையெழுத்தில்லாமல் தானே பதிவு செய்வது, நிர்வாகத்துக்கு எண்ணிக்கை தவிர வேறெதுவும் போகாது என்ற எழுத்துப்பூர்வ உறுதி, இந்த நான்கும் சேர்ந்தால்தான் வருவார்கள். மருந்துப் பிழையோ எதிர்பாராத மரணமோ நடந்தால் முதல் சில மணி நேரத்தில் வேண்டியது சக ஊழியர்தான். ஷிஃப்டுக்கு ஒருவருக்காவது ஒரு நாள் பயிற்சி கொடுத்து வைக்கலாம். கேட்பது, ஷிஃப்டிலிருந்து விடுவிப்பது, மறுநாள் போன் செய்வது, இவ்வளவுதான் அவர் வேலை. "செத்துடலாம் போல இருக்கு" என்று யாரும் சொன்னால் குழுவுக்கும் காத்திருக்காமல் கவுன்சலருக்கும் காத்திருக்காமல் அன்றே மனநல மருத்துவரிடம் அவரைக் கூட்டிப் போவதும் இந்தச் சக ஊழியரின் வேலை.

அறநெறித் தவிப்புக்கு

நர்ஸ்கள் "பாவம், விட்டுடலாமே" என்று ஹேண்டோவரில் (ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் நேரத்தில்) முணுமுணுக்கும் நோயாளி உங்கள் வார்டில் எப்போதும் ஒருவர் இருக்கிறார் என்றால், மேலே சொன்ன எதுவும் அதைத் தொடாது. அங்கே மாற்ற வேண்டியது முடிவெடுக்கும் முறையை. அட்மிஷனிலிருந்து 72 மணி நேரத்துக்குள் குடும்பத்தோடு ஒரு கூட்டம், அதில் படுக்கை நர்ஸுக்கு ஒரு நாற்காலி. "ஐந்து நாள் முழு சிகிச்சை, ஆறாம் நாள் இந்த மூன்று விஷயங்களைப் பார்த்து முடிவெடுப்போம்" என்று கெடு வைத்த முயற்சி. முடிவு கேஸ் ஷீட்டில் எல்லோரும் படிக்கிற மாதிரி. இதற்குப் பணம் தேவையில்லை. சீனியர் டாக்டர் ஒருவர் அரை மணி நேரம் உட்கார ஒப்புக்கொள்ள வேண்டும், அதுதான் பல இடங்களில் பணத்தைவிடக் கடினம்.

எந்த வார்டுக்கு எது

தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரு மாதம் அளந்து பாருங்கள். பணிச்சோர்வை அளக்கும் மாஸ்லாக் அளவுகோலில் 22 கேள்விகள், உரிமக் கட்டணம் உண்டு. மூன்று பகுதி மதிப்பெண்களையும் கூட்டி ஒரே எண்ணாக்கக் கூடாது. கோபன்ஹேகன் அளவுகோல் 19 கேள்விகள், இலவசம், வார்டுக்கு இது போதும். படிவத்தை இன்சார்ஜ் கையில் வாங்கினால் எல்லாம் இனிப்பாகத்தான் வரும். பத்துப் பேருக்குக் குறைவான வார்டில் பெயர் எழுதாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும், பக்கத்து வார்டோடு சேர்த்து எடுங்கள். கூடவே டியூட்டி ரெஜிஸ்டரிலிருந்து டபுள் டியூட்டி எண்ணிக்கை, 11 மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளிகள், உடம்பு சரியில்லை என்று எடுத்த லீவு, இடமாற்றக் கடிதங்கள் ஆகியவற்றையும் எழுதி வையுங்கள்.

டபுள் டியூட்டி வாடிக்கையாகிவிட்ட வார்டில் முதல் ஆறு மாதம் லிஸ்ட், ஆள் கணக்கு, ஒரு நிமிட நிறுத்தம் இவை மட்டும். குழுவும் தியானமும் அப்போது வேண்டாம். ஆள் ஓரளவு சரியாக இருந்தும் முகங்கள் இறுகியிருந்தால் டியூட்டி நேரத்தில் சிறு குழு, ஐந்து காரணப் பட்டியலோடு பத்து நிமிடப் பேச்சு. புது ஆட்கள் பாதிக்கு மேல் என்றால் சிமுலேஷன் பயிற்சி. புகார் எல்லாம் "ஏன் இன்னும் இழுக்கிறோம்" என்பதைச் சுற்றியே வந்தால் 72 மணி நேரக் கூட்டம், வேறெதற்கும் முன்பாக.

ஆறாம் மாதம் அதே படிவத்தையும் அதே ரெஜிஸ்டரையும் திரும்ப எடுங்கள். படிவ மதிப்பெண் குறைந்து டபுள் டியூட்டி குறையவில்லை என்றால் படிவத்தை நம்பாதீர்கள். சோர்ந்தவர்கள் ஏற்கெனவே போய்விட்டு, மிச்சமிருப்பவர்கள் மட்டும் நிரப்பியிருக்கலாம்.